வாசிக்காமல் விட்ட பெட்டிகள்

"அப்படி என்னதான் வேலை பாக்கறே மிரு? ஊர்ல கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியலை" என்று கேட்டான் நவநீதன்.

கல்யாணமான புதிது. மிருதுளா சப்பாத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். அவன் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தான்.

"வெப் பேஜைப் படிக்கறதுக்கு ஸ்கிரிப்ட் எழுதறேனுங்க."

"பேஜை நாமளே படிச்சுக்கலாமே. அதுக்கு எதுக்குச் சம்பளம்?"

"நீங்க ஒண்ணு படிப்பீங்க. லட்சம் பேஜை ஆரு படிக்கறது? ஒரு பேஜுங்கறது ஒரு தெருவாட்டம். வரிசையா பெட்டி பெட்டியா இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. விலைன்னு ஒரு பெட்டி, தலைப்புன்னு ஒரு பெட்டி. 'விலைங்கற பேருல இருக்கறதை எல்லாம் எடு, உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு படி'ன்னு சொன்னா, ஸ்கிரிப்ட் போய்ப் படிச்சுட்டு வந்துரும்."

"மத்த பெட்டியெல்லாம்?"

"அது பாட்டுக்கு இருக்கும். ஸ்கிரிப்ட்டுக்கு நாம பேரு சொன்னது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்."

"ஒளிச்சு வெச்சிருந்தா?"

"உங்க கண்ணுக்குத்தான் ஒளியும். மூடி வெச்சது, சுருக்கி வெச்சது எல்லாம் பேஜுக்குள்ளதான் கெடக்கும். எடுக்கச் சொன்னா எடுத்துரும்."

பம்ப் கம்பெனியில் மோட்டார் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். எதையும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தால்தான் நம்புவான். கொஞ்ச நேரம் தீவிரமாக யோசித்துவிட்டு, "இத்தனை தெரிஞ்சவளுக்குச் சப்பாத்தி மட்டும் ஏன் இலங்கை மேப் மாதிரியே வருது?" என்றான். மாவுக் கையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்தப் பேச்சு இப்போது தினமும் காலையில் ஒருமுறை மிருதுளாவுக்கு நினைவு வந்துவிடும். அத்தையின் அறைக்கு வெளியே, நடையில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது வரும். நெற்றியில் குங்குமம் வைப்பாள். கழற்றி வைத்த தாலிக்கொடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவுக்கு வெளியே தெரிகிறதா என்று பார்ப்பாள். பிறகு மூச்சைப் பிடித்து முகத்தைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறப்பாள். வெளியே வந்ததும் முதல் வேலையாக நெற்றியைத் துடைத்துக்கொள்வாள்.

நவநீதன் போய் வருஷம் திரும்பப்போகிறது. அவனைப் பெற்ற தெய்வானைக்கு அது இன்னும் சொல்லப்படவில்லை.

சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. தெய்வானை பக்கவாதம் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். மறுநாள்தான் நவநீதன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரும் வழியில் பைபாஸில் லாரியில் அடிபட்டான். "இன்னொரு அதிர்ச்சி வந்தா உயிருக்கு உத்தரவாதம் இல்லை" என்றார் டாக்டர். சொந்தபந்தம் கூடிப் பேசி, பெரியவளிடம் மூச்சு விடக்கூடாது என்று முடிவெடுத்தது. உடலை நவநீதனின் அக்கா சுகந்தியின் ஊரான பெருந்துறைக்குக் கொண்டுபோய் எல்லாம் முடித்தார்கள். வீட்டுக்கு வந்த தெய்வானையிடம், கம்பெனி அவனை நார்வேக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். மிருதுளா பொட்டோடும் தாலியோடும் தலையாட்டினாள்.

பக்கவாதம் தெய்வானையின் வலதுபக்கத்தையும் பேச்சையும் அடியோடு எடுத்துக்கொண்டிருந்தது. முனகல்கூட வரவில்லை. அதனால் மறுவாழ்வு மையத்திலிருந்து பட்டை கொடுத்தார்கள். வாய் போனவர்களுக்கு அப்போதெல்லாம் எல்லா மையத்திலும் அதைத்தான் கொடுத்தார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டிவைக்கும் கறுப்புப் பட்டை. மனசுக்குள் ஓடும் சொற்களைப் பிடித்து ஒரு வெப் பேஜாக எழுதிக்கொண்டே போகும். தேவை என்று ஒரு பெட்டி, வலி என்று ஒரு பெட்டி, பேச்சு, நினைவு என்று வேறு பெட்டிகள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் அவற்றை வாசிக்கும். எந்தெந்தப் பெட்டியை வாசிக்க வேண்டும் என்பதை வீட்டார் அமைத்துக்கொள்ளலாம். மற்ற குடும்பங்களுக்கு அதை மையத்து ஆட்கள் செய்து கொடுத்தார்கள். மிருதுளாவுக்கு அதுதான் தொழில் என்பதால் அவளே ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டாள்.

முதல் வாரம் முழுக்க அந்த ஸ்பீக்கர் ஒரே கேள்வியைத்தான் கேட்டது.

"நவநீ எங்க?"

கஞ்சி ஊட்டும்போதும் கேட்டது, துணி மாற்றும்போதும் கேட்டது. உணர்ச்சியில்லாத இயந்திரக் குரல், ரயில்வே அறிவிப்பு மாதிரி. சுகந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியலை மிருதுளா. உனக்குத்தான் இந்த வேலையெல்லாம் தெரியுமே. அந்தக் கேள்வியை மட்டும் படிக்காத மாதிரி பண்ணிரு."

"ஒரு கேள்வியை மட்டும் நிறுத்த முடியாதுங்கண்ணி. அம்மா ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி கேக்கறாங்க. பேச்சுன்னு வர்ற எல்லாத்தையும் நிறுத்தினாத்தான் உண்டு."

"நிறுத்து. தண்ணி வேணும், முதுகு வலிக்குதுன்னா மட்டும் சொல்லட்டும். வேற என்ன பேசிரப் போறாங்க?"

மிருதுளா ஸ்கிரிப்ட்டைத் திறந்து 'பேச்சு' என்ற ஒரு வரியை எடுத்துவிட்டாள். அன்றோடு வீடு அமைதியானது. ஸ்பீக்கர் தண்ணி என்றது, முதுகு என்றது, ஜன்னலைச் சாத்து என்றது. வந்து பார்த்தவர்கள் எல்லாம் தெய்வானை நல்லா தேறிவிட்டாள் என்றார்கள்.

நவநீதனின் குரல் அந்த வீட்டுக்குள் வந்தது சில மாதம் கழித்துத்தான், அதுவும் தற்செயலாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் தடுமாறியது. என்ன கோளாறு என்று மிருதுளா பேஜை முழுக்கத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நினைவுப் பெட்டிகளில் சிலவற்றுக்குப் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு குறிப்பு இருந்தது. குரல்: மகன். ஒன்றைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு வாக்கியம்.

"அம்மா, என்ற வண்டிச் சாவிய எங்க வெச்ச?"

அவ்வளவுதான். தினமும் காலையில் எட்டரைக்கு அவன் கத்துகிற கத்தல். தன் நினைவில் இருந்த நவநீதன் எத்தனையோ முறை புரட்டிப் பழசாகியிருந்தான். இங்கே, அத்தையின் மனசுக்குள், தனக்குத் தெரியாத நவநீதன் பத்திரமாக இருந்தான். முப்பத்து மூன்று வருஷத்து நவநீதன்.

அன்றைக்கே இரண்டு காரியம் செய்தாள். மகன் குரல் என்று குறிப்பிருந்த பெட்டிகளை எல்லாம் எடுக்கச் சொல்லி ஸ்கிரிப்ட்டில் புதிதாக ஒரு வரி சேர்த்தாள். ஃபோனில் கிடந்த அவனுடைய குரல் பதிவுகளைத் தேடித் தேடி எடுத்து ஸ்பீக்கருக்குக் கொடுத்து, அந்தப் பெட்டிகளை அவன் குரலிலேயே வாசிக்கும்படி செய்தாள்.

மறுநாள் காலை அறைக்குள் நவநீதன் பேசினான். "அம்மா, இன்னொரு தோசை போடு. அக்காவுக்குப் போடறதுக்கு முந்தி எனக்குப் போடு." தெய்வானையின் கண்கள் விரிந்தன. ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். மிருதுளா நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பல மாதமாக அந்த அறையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. நின்றபடி வேலையை முடித்துவிட்டு ஓடிவிடுவாள். தெய்வானை அவளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மிருதுளாவின் பொழுது அந்த நாற்காலியில்தான் கழிந்தது. ஆபீஸ் மீட்டிங்கைக்கூட அங்கிருந்தே பார்த்தாள். தூண்டில் போடக் கற்றுக்கொண்டாள். "அத்தை, அவரு நீச்சல் பழகினது எந்தக் கிணத்துலீங்க?" என்று ஒரு சொல்லை எறிந்தால், தெய்வானை கண்ணை மூடுவாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பத்து வயசுப் பையன் பேசிய வார்த்தைகள் நவநீதனின் முதிர்ந்த குரலில் வரும். "எனக்குப் பயமா இருக்குதும்மா, கயிறை விட்டுராதே." கேட்டுக் கேட்டு மிருதுளாவுக்குப் போதவில்லை. அவன் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே "தண்ணி" என்று இயந்திரக் குரல் வந்தால் எரிச்சலாக இருந்தது. அதனால் ஸ்கிரிப்ட்டில் வரிசையை மாற்றினாள். முதலில் மகன் குரல். அது முடிந்தபிறகுதான் தேவையும் வலியும்.

அத்தைக்கும் சந்தோஷம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வருஷத் திதியைப் பற்றிப் பேச சுகந்தி வந்த அன்றுதான் முதல் திகில். இருவரும் சமையலறையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெருந்துறையில் வைத்துச் செய்துவிடலாம், நீ ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு ஒரு நாள் வந்துவிடு என்று சுகந்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அவன் குரல் கேட்டது. சுகந்தியின் கையிலிருந்த டம்ளர் நழுவியது.

"என்னடி இது?"

மிருதுளா விவரத்தைச் சொன்னாள். சுகந்தி சுவரோடு சாய்ந்து நின்று கேட்டாள்.

"செத்தவனைப் பேச வெச்சுக் கேட்டுட்டு இருக்கியா? உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"பேச வெக்கலைங்கண்ணி. அம்மா நெனப்புல இருக்கறதை எடுத்துக் கேக்கறேன். போட்டோ பாக்கறதில்லையா, அது மாதிரி."

"போட்டோ வாயைத் தொறந்து பேசுமா?" என்றாள் சுகந்தி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒரு தடவை கேக்கோணும்" என்றாள்.

இருவரும் அறைக்குள் போனார்கள். சுகந்தி கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தெய்வானை மகளின் முகத்தையும் கழுத்தெலும்பையும் பார்த்தாள். ஸ்பீக்கர் பேசியது.

"சுகந்தி, என்ன இப்படி எளச்சுப் போய்ட்ட? ஒழுங்காச் சாப்பிடறதில்லையா?"

சுகந்தி எழுந்து வெளியே ஓடினாள். மிருதுளா பின்னாலேயே போனாள். சுகந்தி கொல்லைப்புறத்தில் துவைகல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நெனப்புன்னு சொன்னியே. அவன் இருந்த வரைக்கும் என்னைக் குண்டம்மான்னு தவிரக் கூப்பிட்டதில்லை. நான் எளச்சதே அவன் போன பொறகு. இது எப்ப அவன் சொன்ன பேச்சு?"

மிருதுளா துவைகல்லின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேன் கேளு. ஊரறிய ஒப்பாரி வெச்சு, முறையா அழுது அவனை அனுப்பலை. திருடனாட்டம் எடுத்துட்டுப் போய் எரிச்சுட்டு வந்தோம். பெத்தவ கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரலை. அதான் போக வழி தெரியாம இங்கயே நிக்கறான். பேரூர் கோயிலுக்குப் போய்ப் பரிகாரம் தெரிஞ்ச ஆராச்சும் ஒருத்தரைக் கேப்போம்."

"வேண்டாங்கண்ணி."

"ஏன் வேண்டாம்?"

"போகாம இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே."

சுகந்தி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அதன்பிறகு நவநீதன் அம்மாவிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். மிருதுளாவிடம் பேச ஆரம்பித்தான். "அந்தப் புது ஃபிரிட்ஜ் என்ன இப்படி உறுமுது, அடியில ஒரு கட்டை வெச்சுப் பாரு" என்றான். அந்த ஃபிரிட்ஜ் வாங்கியதே போன மாதம். "அடுப்புல பால் பொங்குது, போ" என்றான். போய்ப் பார்த்தால் பொங்கிக்கொண்டிருந்தது. "அம்மாவுக்கு முதுகு எரியுது, கொஞ்சம் திருப்பிப் படுக்க வை" என்றான். திருப்பினால் இடுப்புக்கு மேல் தோல் சிவந்து உரிந்திருந்தது. மிருதுளா பதறிப்போய் மருந்து போட்டாள். அவன் சொல்லாவிட்டால் தெரிந்திருக்காதே என்று நினைத்து உருகினாள். "சாப்டியா அம்மணி?" என்று தினமும் மத்தியானம் கேட்டான். அவன் கேட்கிறான் என்பதற்காகவே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

முதலில் விளக்கைப் போடாமல் நடையில் போகப் பயமாக இருந்தது. பிறகு அந்தப் பயமே பழகி, ஒரு துணை மாதிரி ஆகிவிட்டது. அறையின் மூலையில், துணி அலமாரிக்குப் பக்கத்தில் அவன் நிற்கிறான் என்று வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவதில்லை. அவள் ஸ்கிரிப்ட் எழுதுகிறவள். ஒரு பெட்டிக்குள் எழுதப்படாதது வாசிப்பில் வராது என்று தெரிந்தவள். யார் எழுதுகிறார்கள் என்று மட்டும் அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் எங்கே நின்றுவிடுமோ என்று பயம்.

பட்டையைச் சோதிக்க மையத்திலிருந்து ரஃபீக் வந்தான். கரும்புக்கடை ஏரியாப் பையன், வாய் ஓயாமல் பேசுவான். தெய்வானையின் காதோரம் பட்டையைத் துடைத்து ஒட்டிவிட்டு, "பெரியம்மா ஜோரா இருக்கீங்க" என்று ஒரு சல்யூட் வைத்தான். பிறகு கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் பேஜைத் திறந்தான். மிருதுளா காபியை வைத்துவிட்டு, ஏதோ சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"ரஃபீக், குரல்னு ஒரு குறிப்பு வருதில்ல. மகன் குரல்னு வந்தா, அது மகன் பேசினதுதானே?"

"இல்லீங்கக்கா. அது யாரு குரல்ல மனசுக்குள்ள ஓடுதுன்னுதான் சொல்லும். யாரு பேசறாங்கன்னு சொல்லாது. இப்ப நீங்க உங்க மேனேஜர் மாதிரி மனசுக்குள்ள பேசிப் பாருங்க. பட்டை இருந்தா மேனேஜர் குரல்னுதான் பெட்டி விழும். பேசறது நீங்கதானே?"

மிருதுளா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"பொள்ளாச்சில ஒரு தாத்தா" என்று ரஃபீக் காபியை ஆற்றிக்கொண்டே தொடர்ந்தான். "பேரப்பசங்க வெளையாட்டுக்கு, தாத்தா மனசுல பாட்டு ஓடினா மட்டும் வாசிக்கற மாதிரி வெச்சுட்டானுங்க. ஒரு மாசத்துல அவரு மாத்திரை, வெந்நி எல்லாத்தையும் மெட்டுப் போட்டுக் கேக்க ஆரம்பிச்சுட்டாருங்க. எந்த வாசல் தொறந்திருக்குதோ மனுசன் அதுவழியாத்தானே வருவான்?" சிரித்தவன், திரையைப் பார்த்ததும் சிரிப்பைக் குறைத்தான். "அக்கா, இது என்னங்க, பேச்சுன்னு இத்தனை பெட்டி மூடியே கெடக்குது? முதல் வாரத்துக்கு அப்புறம் ஒண்ணைக்கூட வாசிக்கலையே. மையத்துல யாராச்சும் தப்பா அமைச்சுட்டாங்களா?"

"இல்லை" என்றாள் மிருதுளா. "நான்தான் எடுத்தேன்."

ரஃபீக் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தான். போகும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி, "அழிஞ்செல்லாம் போகலீங்க. அப்படியேதான் இருக்குது" என்று மட்டும் சொன்னான்.

அவன் போனபிறகு மிருதுளா கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே நல்ல மத்தியான வெயில். பக்கத்து வீட்டில் யாரோ கிரைண்டர் போட்டிருந்தார்கள். சாப்டியா அம்மணி. நவநீதன் ஒருநாளும் அவளை அம்மணி என்று கூப்பிட்டதில்லை. மிரு என்றுதான் கூப்பிடுவான். அம்மணி என்று கூப்பிடுவது இந்த வீட்டில் ஒரே ஆள்தான். அது எப்படித் தன் காதில் விழாமல் போனது? பெயர் சொன்னதை மட்டும்தான் எடுக்கும் என்று அவளே ஒரு காலத்தில் விளக்கியிருக்கிறாள்.

அலமாரிக்குப் பக்கத்தில் நின்றவன் இப்போது இல்லை. இரண்டாவது முறையும் அவன் போய்விட்டான். இந்த முறையும் அவளால் சத்தம் போட முடியவில்லை. பக்கத்து அறையில் அத்தை இருக்கிறாள்.

சுகந்திக்கு ஃபோன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"அப்படின்னா என்னை எளச்சுப் போய்ட்டன்னு சொன்னது அம்மாவா?"

"ஆமாங்கண்ணி."

"அந்த மூடின பெட்டியெல்லாம் தொறக்கப் போறியா?"

"தொறக்கோணும்."

"முதல்ல அவன் எங்கன்னுதான் கேக்கும். நீ என்ன சொல்லுவ? மிருதுளா, அம்மாவுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா இந்த வீட்டுல எனக்கு ஆரும் இல்லை. நல்லா யோசிச்சுப் பண்ணு."

மிருதுளா யோசித்தாள். அந்த ஒரு வரியை மறுபடி சேர்த்தால் என்னென்ன போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அத்தையின் உயிர் போகலாம். அது போகாவிட்டாலும் மத்தியானம் சாப்டியா என்று கேட்கும் குரல் நிச்சயம் போய்விடும். கேள்வி கேட்க வாசல் கிடைத்தவள் இன்னொருவன் குரலில் ஏன் பேசப்போகிறாள்? ஸ்கிரிப்ட்டைத் தொடாமல் விட்டுவிட்டால் எல்லாம் இப்படியே இருக்கும். அவன் இருப்பான். ஒரு கிழவி தண்ணி கேட்கவும் தன் பிள்ளையின் குரலைக் கடன் வாங்கிக்கொண்டு கிடப்பாள்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். பழக்கத்தில் கண்ணாடி முன் நின்று தாலிக்கொடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குங்குமமும் வைத்துக்கொண்டுதான் உள்ளே போனாள்.

தெய்வானை ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலடி கேட்டுக் கண்ணைத் திருப்பினாள். மிருதுளா நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத்தை, இத்தனை நாளும் அவரு குரல்ல பேசினது நீங்கதானுங்களா?"

தெய்வானை அவளையே பார்த்தாள். ஸ்பீக்கரில் நவநீதன், அவன் எப்போதும் பேசுகிற அதே நிதானத்தில், "நான்தான் அம்மணி" என்றான்.

மிருதுளா லேப்டாப்பைத் திறந்தாள். அத்தையின் பேச்சை எந்தக் குரலில் வாசிப்பது என்று ஸ்பீக்கர் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. புருஷன் குரலுக்காகப் பழைய ஃபோன்களையெல்லாம் சலித்தவள், அத்தையின் குரலுக்காக ஒரு பதிவுகூடத் தேடவில்லை. இப்போது தேடினாள். இருந்தன. கல்யாணமான புதிதில் தெய்வானை அனுப்பிய குரல் பதிவுகள். கொள்ளுப் பருப்புக்குப் பூண்டு எப்போது போடுவது, குளிருக்கு நவநீக்கு எந்தத் தைலம் தேய்ப்பது. பாதி பதிவுகளை அவள் அன்றைக்குக் கேட்டு முடிக்கவே இல்லை. எல்லாவற்றையும் ஸ்பீக்கருக்குக் கொடுத்தாள். பிறகு பழைய வரியைச் சேர்த்தாள். பேச்சு என்ற பெயரில் இருக்கும் பெட்டிகளை எல்லாம் எடு. முதலில் இருந்து படி.

"நவநீ எங்க?" என்றாள் தெய்வானை. கம்மிய, மூக்கடைத்த மாதிரியான, உயிருள்ள குரல். "நவநீயை வரச் சொல்லு. நவநீ ஏன் வரலை?"

பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.

"சுகந்தி தலைக்கு ஊத்தீட்டு வந்து நிக்கறா. கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. கேட்டா சளிங்கறா."

"பாக்க வந்த ஒறம்பரை சனம் ஒருத்தரும் போய்ட்டு வர்றோம்னு சொல்லலை. எந்திரிச்சாங்க, அப்படியே போய்ட்டாங்க. எளவு வீட்டுலதானே அப்படிப் போவாங்க?"

"என்ற புள்ள போய்ட்டான்."

மிருதுளா நிமிர்ந்தாள். தெய்வானை முகத்தைத் திருப்பவில்லை. மிருதுளா அந்த வரியை எடுத்துவிட்ட மறுவாரத்துப் பெட்டி அது. டாக்டர் சொன்ன அதிர்ச்சியை அவள் அப்போதே தனியாகத் தாங்கிவிட்டுத்தான் படுத்திருந்திருக்கிறாள்.

"ஆராச்சும் வாயைத் தொறந்து சொல்லுங்க. நார்வேங்கறாங்க. பாஸ்போர்ட்டே இல்லாதவன் எந்த நார்வேக்குப் போனான்?"

"இனிக் கேக்க வேண்டாம். நான் கேட்டா இந்தப் புள்ள வெளில போய் நின்னுக்குது."

"எனக்காகப் பொட்டு வெச்சுட்டு வருது. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சைப் புடிச்சு நிக்கறது எனக்குக் கேக்குது. பாவம், வெச்சுட்டு வரட்டும். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாயில்லை."

"அவன் குரல் கேட்டா உக்காருது. சிரிக்குது. நான் தண்ணி கேட்டா காதுல விழுகறதில்லை. சரி, அவனாட்டமே பேசிப் பாப்போம். சாப்டியான்னு கேப்போம்."

மிருதுளா அத்தையின் கையை முகத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை மெல்ல நகர்ந்து, பெருவிரலால் அவள் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டது. துடைக்கவில்லை. தொட்டபடியே இருந்தது.

அதற்குப் பிறகு வந்த பெட்டிகளில் எல்லாம் ஒரே வாசகம்தான் இருந்தது. திரையில் அது மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே போனது. ஆடியில் எழுதியது, ஐப்பசியில் எழுதியது, நேற்று எழுதியது. மிருதுளா படித்தாள். படித்ததும் விரலை நீட்டி ஸ்பீக்கரை நிறுத்தினாள். பழைய பெட்டியிலிருந்து எடுத்து அதை வாசிக்கவிட அவளுக்கு மனசு வரவில்லை.

"அத்தை, உங்க பேச்சு இப்ப எனக்குக் கேக்குதுங்க" என்றாள். "அவரு எப்படிப் போனாருன்னு எல்லாத்தையும் சொல்றேன். அதுக்கு முந்தி, நீங்க கேக்கறதை நீங்களே கேளுங்க."

ஸ்பீக்கரைத் திரும்பப் போட்டாள். பேஜின் கடைசியில், காலியாக இருந்த இடத்தில், புதிதாக ஒரு பெட்டி விழுந்தது. தெய்வானையின் இடது கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குப் பின்னால் இருந்த பட்டையை நனைத்தது. அவளுடைய சொந்தக் குரல் அறைக்குள் பேசியது.

"என்ற புள்ளைக்கு இந்த வீட்டுல இன்னும் ஒருத்தரும் வாய்விட்டு அழுகலை அம்மணி. எனக்கு வாயில்லை. எனக்கும் சேத்து நீ அழு."